தாயைக் காட்டாத குட்டி

அனுமந்தை சுங்கச்சாவடியைக் கடந்து சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஓடும் வண்டிகளில் எத்தனையோ சரக்கு போய் வருகிறது. நாய்க்குட்டியும் அதில் ஒன்றாகிவிட்டது. ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தக் கடலோரத்தில் வீட்டு நாய் என்றால் தெருவில் பிறந்து திண்ணையில் வளர்ந்த நாய்தான். இன்று குப்பத்து வீட்டு வாசலிலும் சாலையோர மாடி வீட்டிலும் பக், ஷிட்ஸு, பாமரேனியன் என்று ஜாதி நாய்கள் கட்டிக் கிடக்கின்றன. கைபேசிக்குப் படம் வருகிறது, பணம் போகிறது, அட்டைப்பெட்டியில் குட்டி வந்து இறங்குகிறது. விற்றவரின் வீட்டை வாங்கியவர் பார்த்ததில்லை. பல நேரங்களில் அந்தக் குட்டி பிறந்த இடத்தை விற்றவரும் பார்த்ததில்லை.

சிறிய ஜாதி நாய்க்குட்டி ஒன்றைப் பொறுப்புள்ள ப்ரீடரிடம் வாங்க வேண்டும் என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். பொறுப்பு என்பதை எதை வைத்து அளப்பது? சட்டம் ஓர் அளவைத் தருகிறது. மருத்துவம் இன்னொன்றைத் தருகிறது. கெனல் கிளப்பின் தாள் வேறொன்றைச் சொல்கிறது. சந்தையோ விலையை வைத்து அளக்கச் சொல்கிறது. இவை எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தபின் எனக்குப் படுவது இதுதான்: குட்டிக்கும் அதன் தாய்க்கும் நடுவே விற்பனைக்காரர் எவ்வளவு தூரத்தை வைக்கிறாரோ, அவ்வளவு தூரம் பொறுப்பு அவரிடமிருந்து விலகியிருக்கிறது. மற்ற சோதனைகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

ஆனால் ப்ரீடரைத் தேடுவதற்கு முன்னால் இனத்தை முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை நம் விருப்பத்தை விட இந்தக் கடற்கரையின் வெயிலிடம் விடுவது நல்லது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். வாயைத் திறந்து இளைத்து, நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் உடம்பைக் குளிர்விக்கிறது. மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வெயில் எவ்வளவு காய்ந்தாலும் பாத்தித் தண்ணீர் வற்றத் தயங்கும். நாயின் நாக்கிலும் அதே கதைதான். மதுரையில் தாங்கும் வெயிலை மரக்காணத்தில் ஒரு நாய் தாங்காமல் போகலாம். நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அது 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பக்கின் முகத்தைப் பாருங்கள். மண்டை எலும்பைச் சுருக்கிவிட்டார்கள், உள்ளே இருக்கும் சதை சுருங்கவில்லை. அண்ணத்தின் மென்சதை நீண்டு மூச்சுக்குழலின் வாயை மறைக்கிறது. மூக்குத்துவாரம் கீற்றாக இருக்கிறது. குறட்டை விடுகிறது, அழகாக இருக்கிறது என்று நாம் ரசிக்கும் ஒலி, அது மூச்சுக்குப் போராடும் ஒலி. 2003-இல் ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு பையனின் பின்னாலேயே ஓடிய சின்ன நாய்தான் இந்தியா முழுக்க பக் மோகத்தைக் கிளப்பியது. விளம்பரம் முடிந்து ஆண்டுகள் ஆகியும் கேட்பு நிற்கவில்லை. கேட்பு இருக்கும் இடத்தில் குட்டிகளை யாராவது உற்பத்தி செய்துகொண்டே இருப்பார்கள்.

அந்த உற்பத்தியின் அடியில் இருக்கும் மரபு வட்டம் எவ்வளவு குறுகியது என்பதை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பிரிட்டனில் இருந்த ஏறத்தாழ 10,000 பக் நாய்களின் மரபணு வேறுபாடு வெறும் 50 நாய்களுக்குரிய அளவுதான் இருந்தது. 2022-இல் அதே நாட்டின் ராயல் வெட்டரினரி கல்லூரி, உடல்நல நோக்கில் பக்கை இனி வழக்கமான ஒரு நாயாகக் கருத முடியாது என்றே முடிவு சொன்னது. நெதர்லாந்து, மூக்கின் நீளம் மண்டை நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாய்களை இனப்பெருக்கத்துக்கு விடுவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்த நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்ட 11 வெளிநாட்டு இனங்களில் பக்கும் பிரெஞ்சு புல்டாக்கும் இருந்தன. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் ஆகியவற்றோடு இந்தச் சின்ன நாய்களும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது பலருக்கு வியப்பாக இருந்தது. மூச்சுக்குழலை அறிந்தவர்களுக்கு அது வியப்பில்லை. அந்தக் கொள்கையை நாய் வளர்ப்போர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. தடை சரியான வழியா என்று வாதிடலாம், ஆனால் காரணத்தை மறுக்க முடியாது.

ஆகவே அனுமந்தையில் இருப்பவர் பக்கோ, அதைப்போலவே தட்டை மூக்குள்ள ஷிட்ஸுவோ கேட்டால், நல்ல ப்ரீடரின் முதல் பதில் "வேண்டாம்" என்பதாகத்தான் இருக்க வேண்டும். பகல் முழுக்கக் குளிர்சாதன அறையில் வைத்திருப்பேன் என்கிறவருக்கும் இதைத்தான் சொல்வேன். புயல் நாளில் இந்தக் கரையில் மின்சாரம் எத்தனை நாள் நின்றுபோகும் என்பது தானே புயலையும் ஃபெஞ்சல் புயலையும் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் எந்தச் சின்ன நாய்? மூக்கு நீண்ட மூன்றைப் பற்றிச் சொல்லலாம். முதலாவது, நம் ஊரில் சடைநாய் என்றும் பாமரேனியன் என்றும் அழைக்கப்படும் இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த ஸ்பிட்ஸ் நாய்களின் வழியில், பல தலைமுறைகளாக இந்தியச் சூட்டிலேயே பிறந்து வளர்ந்தது. முடி அடர்த்தியானது, தினமும் சீவ வேண்டும். ஆனால் கோடையில் பாவம் என்று தோல் தெரிய மழித்துவிடக் கூடாது, வெயில் நேராகத் தோலில் இறங்கும். இரண்டாவது, மினி பின் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மினியேச்சர் பின்ஷர். குட்டை முடி, நீண்ட முகம், சூட்டைச் சமாளிக்கும் உடம்பு. முன்கால் எலும்புதான் மெல்லியது, குழந்தைகள் கையிலிருந்து நழுவ விட்டால் முறிந்துவிடும். மூன்றாவது டாஷண்ட்.

டாஷண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பொறுப்பான இனப்பெருக்கம் என்பது என்ன என்று இந்த நாய் நன்றாகக் காட்டுகிறது. ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வேட்டையாட உருவாக்கிய இனம் இது. அந்தக் குட்டைக் கால்களைத் தரும் மரபணுக் கோளாறே முதுகெலும்பு வட்டுகளையும் இளம் வயதில் கெட்டிப்படுத்திவிடுகிறது. நாலைந்து டாஷண்டில் ஒன்றுக்கு வாழ்நாளில் எப்போதாவது வட்டு விலகும் கோளாறு வருகிறது. முற்றினால் பின்கால்கள் செயலிழக்கும். டென்மார்க் முதலிய வட ஐரோப்பிய நாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரண்டு வயது முதல் நான்கு வயதுக்குள் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்து, எத்தனை வட்டுகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள். எண்ணிக்கை கூடுதலான நாயை இனத்துக்கு விடுவதில்லை. நம் ஊரில் டாஷண்ட் விற்கும் ஒருவரிடம் எக்ஸ்ரே எங்கே என்று கேட்டால் கிடைக்காமல் போகலாம். "இதன் அப்பா அம்மாவுக்கோ, பாட்டன் பாட்டிக்கோ எப்போதாவது பின்கால் இழுத்ததா?" என்று கேட்கலாம் அல்லவா? நேர்மையான ப்ரீடருக்கு அந்தக் கேள்வி கோபத்தைத் தராது. தன் நாய்கள் ஏழெட்டு வயதுவரை எப்படி இருந்தன என்று அவருக்குத் தெரியும். குட்டியை மட்டும் கைமாற்றுகிறவருக்கு அதன் பாட்டியின் முதுகைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது.

இங்கே தாய்க்கு வருகிறோம். தாயைப் பார்ப்பதால் என்ன தெரியும்? முதலில் உருவம் தெரியும். பாமரேனியன் என்று அதிக விலைக்கு விற்கப்படும் குட்டிகளில் பல இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பாமரேனியன் வளர்ந்தாலும் இரண்டு மூன்று கிலோ அளவுதான், ஸ்பிட்ஸோ அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வளரும். நாற்பது நாள் குட்டியாக இருக்கையில் இரண்டையும் பிரித்தறிவது அனுபவசாலிக்கே சிரமம். பக்கத்தில் தாய் நின்றால் சிரமமே இல்லை. "டீகப்" என்று ஓர் அளவை விற்கிறார்கள். அப்படி ஓர் இனம் எந்தக் கெனல் கிளப்பின் பதிவிலும் இல்லை. ஈற்றில் நோஞ்சானாகப் பிறந்ததை அல்லது வயது குறைத்துக் காட்டியதை அந்தப் பெயரில் தள்ளிவிடுகிறார்கள்.

அடுத்து குணம் தெரியும். அந்நியரைக் கண்டு மூலைக்கு ஓடி நடுங்கும் தாயின் குட்டிகள் அந்தப் பயத்தைப் பாதி மரபிலும் பாதி பழக்கத்திலும் வாங்கிக்கொள்கின்றன. தோல் தெரியும், பல் தெரியும், முலைக்காம்பின் நிலை தெரியும். பால் கொடுத்த தாய் கொஞ்சம் இளைத்திருப்பது இயல்பு. எலும்பு துருத்தி, முடி கொட்டி, நகம் வளைந்து கிடந்தால் அது ஓய்வே இல்லாமல் குட்டி போட்ட உடம்பு. அது எங்கே படுத்திருக்கிறது, தரையில் மூத்திர நெடி எப்படி, குட்டிகளைத் தொட்டால் தாய் என்ன செய்கிறது, வீட்டுக்காரரைக் கண்டால் வால் ஆடுகிறதா என்பதையெல்லாம் பத்து நிமிடத்தில் யாரும் பார்த்துவிடலாம். இதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை.

தொலைபேசியில் கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

"அண்ணே, குட்டியோட அம்மாவைப் பார்க்க வரலாமா?"

"அம்மா ஊர்ல இருக்கு தம்பி. நீங்க லொகேஷன் அனுப்புங்க, குட்டியை பஸ்ல ஏத்தி விடுறேன். அட்வான்ஸ் மட்டும் போட்டு விடுங்க."

பேச்சு இந்த இடத்துக்கு வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கூடுதலாக ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பெண் நாய் சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீட்டுக்கு வரும், சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். சின்ன இனங்கள் ஓர் ஈற்றில் போடுவது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டி. சட்டப்படி ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. அப்படியானால் இரண்டு மூன்று பெண் நாய்களை ஒழுங்காக வைத்திருப்பவரிடம் ஆண்டின் பெரும்பகுதி விற்பனைக்குக் குட்டியே இருக்காது. "இப்ப இல்லை, அடுத்த லிட்டருக்குப் பெயர் எழுதி வைக்கிறேன்" என்பதுதான் அவர் சொல்லக்கூடிய பதில். எந்த மாதம் கேட்டாலும் ஆறு இனத்தில் குட்டி ரெடி என்கிறவரிடம் ஒன்று, பல டஜன் தாய்கள் எங்கோ கூண்டில் கிடக்க வேண்டும். அல்லது தாய் என்று எதுவுமே இருக்காது, வெளியூர்க் குட்டிகளை வாங்கி விற்கும் தரகாக இருக்கும்.

தரகர் கை மாறுவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் பார்வோவை அறிய வேண்டும். உலகில் 1978 வாக்கில் பரவத் தொடங்கிய இந்த வைரஸ் நோயை இந்தியாவில் முதன்முதலில் பதிவு செய்தவர்கள் நம் சென்னை கால்நடை மருத்துவர்கள், 1980-களின் தொடக்கத்தில். வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தக்கழிச்சல், இரண்டு மூன்று நாளில் நீர்ச்சத்து வற்றிச் சாவு. கிருமி உடம்பில் ஏறி நோய் வெளிப்பட மூன்று நாள் முதல் ஒரு வாரம், சில சமயம் இன்னும் கொஞ்சம் கூட ஆகும். தரகுக் குட்டிகள் எல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் கைமாறுகின்றன. ஆறேழு ஊர்க் குட்டிகள் ஒரே கூண்டில் கிடக்கின்றன, அதில் ஒன்றுக்குக் கிருமி இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை துள்ளிக்கொண்டு வந்த குட்டி வெள்ளிக்கிழமை படுத்துவிடும். விற்றவரைக் கூப்பிட்டால், "நான் குடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு, நீங்க என்ன சாப்பாடு போட்டீங்க?" என்பார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் குட்டியை வாங்குவதற்கு எதிராக மருத்துவர்கள் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

இதோடு தாய்ப்பாலின் பாதுகாப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறந்த முதல் நாள் குடிக்கும் சீம்பாலில் வரும் எதிர்ப்புச் சக்தி ஆறு வாரம் முதல் பதினாறு வாரத்துக்குள் மெல்லக் குறைந்துகொண்டே வரும். அது மிச்சமிருக்கும்வரை தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதத்துக்குப் பின். ஒரே ஒரு ஊசி போட்டுவிட்டு "வேக்சின் எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்று விற்கப்படும் குட்டிக்குப் பாதுகாப்பு தொடங்கவே இல்லை. தாய்க்கே தடுப்பூசி போடாதவரின் குட்டிகளுக்குச் சீம்பாலிலும் பாதுகாப்பு குறைவாகவே இருக்கும். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, அதில் தொகுதி எண் இருக்கிறதா, மருத்துவரின் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கையால் எழுதிய தேதி மட்டும் இருந்தால் அது சான்று ஆகாது.

வயதைப் பற்றி மக்களிடம் இருக்கும் ஒரு நம்பிக்கையை இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. சின்னதாக வாங்கினால்தான் நம்மிடம் ஒட்டும் என்று முப்பது நாள் குட்டியைக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் வெளியிட்ட நூல் இந்தத் துறையில் இன்றும் அடிப்படை. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம்வரைதான் குட்டி உலகத்தோடு உறவு கொள்ளப் பழகும் காலம். அதன் முதல் பாதியில் தாயும் கூடப்பிறந்தவையும் ஆசிரியர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும் என்பதைக் கூடப்பிறந்ததைக் கடித்தே குட்டி கற்கிறது. எட்டாவது வாரத்துக்கு முன் பிரித்தால் அந்தப் பாடம் நின்றுபோகும், அதன் விலையை நம் வீட்டுக் குழந்தையின் கை கொடுக்கும். சின்ன இனங்களுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. அவற்றின் ஈரலில் சேமிப்பு குறைவு. நாலைந்து மணி நேரம் சாப்பிடாமல் பஸ் பெட்டியில் கிடந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடி, வலிப்பு வந்து செத்துப்போகும். இன்னும் சில வாரம் தாயிடம் விட்டுவைப்பது இந்தக் காரணத்துக்காகவும்தான்.

இனி தாள். ஜாதி நாய் என்றதும் பலர் கேட்பது "கேசிஐ பேப்பர் இருக்கா?" என்பதை. கெனல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. குட்டியின் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் செலுத்தி, அந்த எண்ணோடு குட்டியின் பெயரையும் மூன்று தலைமுறை முன்னோரின் பெயரையும் சான்றிதழில் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் தாள் வம்சத்தைச் சொல்கிறதே தவிர ஆரோக்கியத்தைச் சொல்லவில்லை. தாளைச் சட்டகம் போட்டு மாட்டுவதற்கு முன் படிக்க வேண்டும். தந்தை பக்கத்திலும் தாய் பக்கத்திலும் ஒரே பெயர் திரும்ப வருகிறதா? அண்ணன் தங்கையைச் சேர்த்துப் பிறந்த குட்டியில் நான்கில் ஒரு பங்கு மரபணு இருபுறமும் ஒன்றாகவே இருக்கும். பாட்டனையும் பேத்தியையும் சேர்த்தால் எட்டில் ஒரு பங்கு. ஒரு கெட்ட மரபணு ஒளிந்திருந்தால் வெளிப்பட அதுவே போதும். 2016 ஏப்ரலில் மத்திய அரசு வணிக இனப்பெருக்கத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. நோக்கம் நல்லது, ஆனால் உள்ளே இருக்கும் நாய்களையே மறுபடி மறுபடி சேர்க்கும் அவசியம் அதனால் கூடியது. ஆகவே உறவுமுறை பார்ப்பது முன்னைவிட முக்கியம். ஸ்கேனர் வைத்துச் சிப் எண்ணையும் தாளின் எண்ணையும் ஒத்துப் பார்ப்பது இன்னொரு கட்டாயம். ஒரு குட்டியின் தாள் வேறொரு குட்டியோடு போவது நடக்காத காரியமல்ல.

அழகுக்காக மட்டும் இனத்தைப் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் இங்கிலாந்துவரை போக வேண்டியதில்லை. ராஜபாளையம் நாய் இருக்கிறது. 2005 ஜனவரியில் அஞ்சல்துறை இந்திய நாய் இனங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் இடம்பிடித்த பெருமைக்குரிய இனம் அது. பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அசல் என்று சந்தை தீர்மானித்தது. வெள்ளை நிறத்தைத் தரும் மரபு, உள்காதில் ஒலியை உணரும் பகுதிக்குத் தேவையான நிறமிச் செல்களையும் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. விளைவு, பிறவிச் செவிடு. இந்த இனத்தைக் கேட்பவர்கள் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது அதனால்தான். வாங்குபவரின் கண் எதை விரும்புகிறதோ அதுவே நாயின் உடம்பில் எழுதப்படுகிறது. சின்ன நாய்களில் தட்டை மூக்கும் "டீகப்" அளவும் அப்படி எழுதப்பட்டவைதான்.

அரசே நடத்தினாலும் கவனிப்பு இல்லாவிட்டால் கெடும் என்பதற்குச் சைதாப்பேட்டை சாட்சி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி இனங்களைக் காக்க 1980-களின் தொடக்கத்தில் கால்நடை பராமரிப்புத் துறை அங்கே ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. நாய்கள் இருந்த நிலை பற்றி விலங்குநல ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள், சென்னை உயர்நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் அது மூடப்பட்டது. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும் கூண்டுக்குள் இருக்கும் தாயின் நிலையே அளவுகோல் என்பதை அந்த வழக்கு நமக்குச் சொல்லிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2015 ஆகஸ்டில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 261-ஆவது அறிக்கையில், செல்லப்பிராணிக் கடைகளையும் நாய் இனப்பெருக்கத்தையும் முறைப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பின் 2017 மே மாதம், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் வந்தன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் யாரும் நாயைப் பெருக்கி விற்கக் கூடாது. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் நிரம்பாத, எட்டு வயதைத் தாண்டிய பெண் நாயைச் சேர்க்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. குட்டிக்குச் சிப் வேண்டும், ஊசி வேண்டும், பதிவேடு வேண்டும். பொது இடத்தில் காட்சிக்கு வைத்து விற்கக் கூடாது. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, விற்ற குட்டி எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது ப்ரீடர் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற விதி. விற்றதோடு உறவு முடியவில்லை என்று நம் சட்டமே சொல்கிறது.

இங்கிலாந்து ஒரு படி மேலே போனது. வேல்ஸில் ஒரு குட்டித் தொழிற்சாலையிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற கவலியர் ஸ்பானியல் நாயின் பெயரால் 2020 ஏப்ரலில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து குட்டி போட்டதில் லூசியின் இடுப்பும் முதுகும் உருக்குலைந்திருந்தன. அந்தச் சட்டப்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகர் வணிகமாக விற்க முடியாது. பிறந்த இடத்தில், தாயோடு வைத்துத்தான் காட்ட வேண்டும். பிரான்ஸ் 2024 தொடக்கத்திலிருந்து கடைகளில் நாய், பூனை விற்பதையே நிறுத்திவிட்டது. நம் ஊரில் அந்தக் காவலை வாங்குபவரே செய்துகொள்ள வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். ரசீது கேளுங்கள். இரண்டும் தராதவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் திரும்பி வாருங்கள். அந்தக் கூண்டில் இருக்கும் குட்டியின் மேல் இரக்கப்பட்டு வாங்கினால், அதன் தாய் அடுத்த ஹீட்டிலேயே மறுபடி சேர்க்கப்படும். இதைச் சொல்வது கடினம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நல்ல ப்ரீடர் உங்களைச் சோதிப்பார். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், கடலுக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள், வாடகை வீடா, குழந்தைகளின் வயது என்ன, இதற்கு முன் வளர்த்த நாய் எப்படிச் செத்தது என்றெல்லாம் கேட்பார். சிலருக்கு இது அவமானமாகப் படுகிறது, பணம் கொடுக்கிறோமே என்கிறார்கள். பெண் கொடுக்கும் வீட்டார் கேட்பதை விடவா கேட்டுவிட்டார்? கேள்வி கேட்பவர்தான் நாளைக்கு உங்களால் வளர்க்க முடியாமல் போனால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் போகிறவர். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். எந்தக் காரணத்துக்காகவும், எந்த வயதிலும் நாயைத் திரும்பப் பெறுவேன் என்ற ஒரு வரி, கேசிஐ தாளை விட அதிக எடையுள்ளது. விலை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். தாய்க்கான சாப்பாடு, ஊசி, பிரசவச் செலவு, எட்டு வாரக் குட்டிப் பராமரிப்பு எல்லாம் அதில் அடக்கம். மலிவாகக் கிடைக்கும் குட்டியில் இந்தச் செலவுகளைத் தாய் தன் உடம்பால் கட்டியிருக்கிறது.

ஜாதி நாயே வேண்டுமா என்ற கேள்வியை இந்த ஆய்வு ஒதுக்கிவிட முடியாது. காவலுக்கும் துணைக்கும் என்றால் நம் தெருவில் பிறந்த குட்டியின் மூக்கும் முடியும் இந்த வெயிலுக்கென்றே அமைந்தவை. தாய் யார் என்றும் ஊருக்கே தெரியும். சென்னையின் புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் கைவிடப்பட்ட ஜாதி நாய்களும் வந்து சேர்கின்றன. வளர்ந்த சின்ன நாயைத் தத்தெடுத்தால் அதன் அளவு, குணம், மூச்சு எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆயினும் குறிப்பிட்ட ஓர் இனத்தின் மேல் ஆசை கொள்வது குற்றமல்ல. நல்ல ப்ரீடர்கள் பிழைக்க வேண்டுமானால் அவர்களிடம் வாங்குவோரும் வேண்டும்.

குட்டி அனுமந்தைக்கு வந்தபின் கவனிக்க வேண்டியவை இந்தக் கரைக்கே உரியவை. பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் கிடக்கும், ஆதலால் கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெருமண்ணில் விடக் கூடாது. கரைவலையில் கழித்துப் போட்ட பேத்தை மீனை நாய் தின்றால் அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. கடல் நீரையோ உப்பளத்து நீரையோ தாகத்தில் குடித்தால் இரண்டு கிலோ உடம்பு தாங்காது, நடக்கக் கூட்டிப்போகும்போது கையில் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் கரையேறியபோது நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவு மழை கொட்டியது. அப்படித் தேங்கும் நீரில் எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரா நாய்க்கும் வரும், நாயிலிருந்து நமக்கும் வரும். மழைக்காலத்துக்கு முன்பே அந்த ஊசி போட்டாக வேண்டும். உண்ணியும் கொசுவும் ஆண்டு முழுக்கத் தொல்லை. பெரிய சிகிச்சை என்றால் தெற்கே புதுச்சேரி குரும்பாபேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு, அதற்குப் பெரிய செலவில்லை. சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்குச் சிப்பைக் கட்டாயமாக்கியது. மரக்காணம், திண்டிவனம் பகுதிக் கால்நடை மருந்தகங்களுக்கும் தலா ஒரு சிப் ஸ்கேனர் கொடுக்கலாம். முதல் ஊசிக்கு வரும் ஒவ்வொரு ஜாதிக் குட்டியின் சிப்பையும் படித்து, விற்றவரின் பதிவு எண்ணைப் பேரேட்டில் எழுதச் சொல்லலாம். வாரியத்தில் பதிவு பெற்ற ப்ரீடர்களின் பட்டியலைத் தொலைபேசி எண்ணோடு அதே மருந்தகத்தின் சுவரில், தமிழில், ஊசி போடக் காத்திருப்பவர்கள் படிக்கும் உயரத்தில் ஒட்டி வைக்கலாம். பேரேட்டில் சிப் இல்லாத குட்டிகள் எந்த விற்பனையாளரிடமிருந்து வரிசையாக வருகின்றன என்று தெரிந்த நாளில், அவர் தாய்களை எங்கே வைத்திருக்கிறார் என்று வாரியம் போய்ப் பார்க்க முடியும்.